கோடைக்கானலைச் சுற்றி நடக்க

கோடைக்கானல் நடந்து வந்தவர்களால் உண்டான ஊர். வத்தலக்குண்டிலிருந்து மேலேறும் மலைச்சாலை 1914-இல்தான் போட்டு முடிந்தது. மோட்டார் வண்டிகளுக்கு அது திறந்துவிடப்பட்டது 1916-இல். சாலையை அமைத்த மேஜர் லா என்பவரின் பெயரால் லாஸ் காட் சாலை என்று இன்றும் அதைச் சொல்கிறார்கள். அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவர்கள் சமவெளிக் காய்ச்சலுக்கும் வெயிலுக்கும் பயந்து இங்கே முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டியது 1845-இல். ஆக, ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் இந்த ஊருக்கு வந்த ஒவ்வொருவரும் பெரியகுளம் பக்கத்திலிருந்து கால்நடையாகவோ, குதிரையிலோ, கூலியாட்கள் தோளில் சுமந்த நாற்காலியிலும் டோலியிலுமோதான் ஏறி வந்தார்கள். 1875-இல் ரயில் வந்து கோடை ரோடு நிலையம் ஏற்பட்ட பிறகும் அதே கதைதான்: அங்கிருந்து மாட்டுவண்டியில் மலையடிவாரத்துக் கிருஷ்ணம நாயக்கன் தோப்புவரை, அதன்பின் பன்னிரண்டு மைல் செங்குத்து ஏற்றம்.

அந்தப் பழைய பாதைகளில் பல இன்னும் இருக்கின்றன. கோடையின் நல்ல நடைத்தடங்களை மற்ற சுற்றுலா ஊர்களின் தடங்களிலிருந்து வேறுபடுத்துவது இதுதான்: பெரும்பாலானவை உல்லாசப் பயணிகளுக்காகப் போடப்பட்டவை அல்ல. சந்தைக்குப் போகவும், விறகு சுமக்கவும், கோயிலுக்குப் போகவும், நோயாளியைத் தூக்கி வரவும் தேய்ந்த வழிகள் அவை. இவற்றில் நடப்பவர் கட்டாயம் ஓர் ஊருக்கோ சுனைக்கோ போய்ச் சேருவார்.

ஊரின் அமைப்பைப் புரிந்துகொண்டால் தடங்களும் புரிந்துவிடும். மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கே நீளும் பழனி மலையின் தெற்கு விளிம்பில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் ஒரு கிண்ணம் போலக் கிடக்கிறது கோடைக்கானல். 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 36,501. கிண்ணத்தின் நடுவே ஏரி. தெற்கே மலை சட்டென்று அறுந்து பெரியகுளம் சமவெளியில் விழுகிறது. மேற்கே மேட்டுநிலம் விரிந்து பேரிஜம், பூம்பாறை, மன்னவனூர் என்று கேரள எல்லை நோக்கிப் போகிறது. வடக்கே பழனிப் பக்கச் சரிவு. கிழக்கே சாலை இறங்கும் வழியில் பெருமாள்மலை.

ஊருக்குள்

ஏரியைச் சுற்றும் சாலை ஐந்து கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. மதுரைக் கலெக்டராக இருந்து ஓய்வுபெற்று இங்கே குடியேறிய வெரே ஹென்றி லெவிஞ்ச், ஓடைகளைத் தேக்கி 1863-இல் இந்த ஏரியை உருவாக்கினார். முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்து மலையேற்றிக் கொண்டுவந்தவரும் அவரே. ஏரி நட்சத்திர வடிவில் பல கைகளாக நீள்வதால், சுற்றி நடக்கும்போது நீர்ப்பரப்பு முழுதாகக் கண்ணில் படுவதே இல்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் வேறொரு குளத்தைப் பார்ப்பது போலிருக்கும். மேடு பள்ளம் இல்லாத வழி. முதியவர்களும் குழந்தைகளும் ஒன்றரை மணி நேரத்தில் சுற்றிவிடலாம். ஆனால் காலை ஏழு மணிக்குள் முடிக்க வேண்டும். அதன்பின் வாடகைச் சைக்கிள்களும் குதிரைகளும் கார்களும் சேர்ந்துகொள்ள, நடப்பவருக்கு அங்கே இடமில்லை.

கோக்கர்ஸ் வாக் ஒரு கிலோமீட்டர்தான். கோடைக்கானலின் வரைபடத்தைத் தயாரித்த ராணுவப் பொறியாளர் லெப்டினன்ட் கோக்கர் 1872-இல் இதை அமைத்தார். தெற்கு விளிம்பைப் பிடித்துக்கொண்டு வளைந்து போகும் இந்தப் பாதையில் நின்றால் கீழே பெரியகுளமும் வைகை அணையும் தெரியும். மழை கழுவிவிட்ட நாளின் விடியலில் மட்டும் இது உறுதி. பத்து மணிக்கு மேல் பள்ளத்தாக்கிலிருந்து எழும் மேகம் திரை போட்டுவிடும். அந்த மேகமே சில சமயம் வேறொரு காட்சியைத் தரும்: சூரியன் முதுகுக்குப் பின்னால் தாழ்ந்திருந்து எதிரே மூடுபனி நிறைந்திருந்தால், நிற்பவரின் நிழல் பெரிதாகி, தலையைச் சுற்றி வண்ண வளையத்தோடு பனிமேல் விழும். பிராக்கன் நிழல் என்று அறிவியலார் குறிப்பிடுவது இதைத்தான். நுழைவுக் கட்டணம் வாங்கும் இடம்தானே என்று ஒதுக்கிவிட வேண்டாம். குறைந்த உழைப்பில் கிடைக்கும் காட்சி என்று பார்த்தால் ஊரில் இதற்கு இணை இல்லை.

வடக்குப் பக்கம் போக விரும்புபவர்களுக்குக் குறிஞ்சி ஆண்டவர் கோயில் இருக்கிறது. ஏரியிலிருந்து மூன்று கிலோமீட்டர் சுமாரான ஏற்ற இறக்கம். இலங்கைத் தலைவர் பொன்னம்பலம் இராமநாதனின் துணைவியாரான, ஆஸ்திரேலியாவில் பிறந்து சைவத்தைத் தழுவிய லீலாவதி இராமநாதன் 1930-களில் எழுப்பிய முருகன் கோயில் இது. வானம் தெளிந்திருந்தால் கோயிலின் பின்புறத்திலிருந்து பழனி தெரியும். சுற்றிலும் உள்ள சரிவுகளில் நீலக்குறிஞ்சிப் புதர்கள் உண்டு. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கூட்டமாகப் பூத்து, விதை விட்டுச் செடிகள் மடிந்துவிடும். 2006-இலும் 2018-இலும் பூத்தது. அடுத்த முறை 2030.

வட்டக்கானலும் அதற்குக் கீழேயும்

கோடையின் நடைத்தடங்களில் முதலிடம் தெற்கு விளிம்புக்குத்தான். பேருந்து நிலையத்திலிருந்து செயின்ட் மேரீஸ் சாலையில் நடந்தால் முதலில் வருவது 1866-இல் கட்டப்பட்ட சலேத் மாதா ஆலயம். அதைத் தாண்டிப் பாம்பார் சோலையின் ஓரமாக வட்டக்கானல்வரை நான்கைந்து கிலோமீட்டர். மே மாதத்தில் இந்தக் குறுகிய சாலையில் கார்கள் எதிரும் புதிருமாகச் சிக்கிக்கொண்டு நிற்கும்போது நடந்து போகிறவர்தான் முதலில் போய்ச் சேருகிறார்.

பாம்பார் சோலை அழகானது, கூடவே ஒரு கசப்பான வரலாறும் அதற்கு உண்டு. 1980-களில் அமெரிக்காவிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட ஒரு வெப்பமானி ஆலை இந்தச் சோலைக்கு மேலுள்ள முகட்டில் இயங்கியது. பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடிக் கழிவு வெளியே வந்தது அம்பலமாகி, உள்ளூர் மக்களும் சூழலியலாளர்களும் போராடிய பின் 2001-இல் ஆலை மூடப்பட்டது. மண்ணைத் தூய்மைப்படுத்துவது எந்த அளவுக்கு என்ற வழக்காடல் அதன்பிறகு பல ஆண்டுகள் நீடித்தது.

வட்டக்கானலிலிருந்து டால்ஃபின் மூக்குப் பாறைக்கு இறங்கும் பாதை ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். வேர்கள் படிக்கட்டாகப் பின்னிக் கிடக்கும் வழி. நடுவே பிரெட் ஆம்லெட்டும் எலுமிச்சைத் தேநீரும் விற்கும் பெட்டிக்கடைகள். முடிவில் பள்ளத்தாக்கின் மேல் மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும் தட்டைப் பாறை. கம்பி வேலியோ கைப்பிடியோ இல்லாத விளிம்பு என்பதால், படம் எடுப்பதற்காக நுனிவரை போவது உயிரோடு விளையாடுவது. பாறை ஈரமாக இருக்கும்போது கிட்டவே போகக் கூடாது. இன்னொன்றையும் கவனத்தில் வைக்க வேண்டும்: போகும்போது இறக்கம், திரும்பும்போது ஏற்றம். களைத்துப்போய் வழியில் உட்கார்ந்துவிடுகிறவர்கள் எல்லோரும் போகும்போது துள்ளி இறங்கியவர்கள்தான். வார இறுதிகளில் இந்தப் பாதை திருவிழாக் கூட்டமாகிவிட்டது. கிழமை நாளின் காலையில் போனால் மட்டுமே இதன் அருமை தெரியும்.

டால்ஃபின் மூக்கைத் தாண்டிப் பெரும்பாலோர் போவதில்லை. அங்கேதான் உண்மையான பாதை தொடங்குகிறது. கீழே இறங்கிக்கொண்டே போனால் மலைச்சரிவின் ஓர் அடுக்கில் வெள்ளகெவி. கோடைக்கானலைவிட வயதில் மூத்த கிராமம். பழனி மலையை அளப்பதற்காக 1821-இல் வந்த லெப்டினன்ட் வார்டு தங்கியிருந்தது இந்த ஊரில்தான். இங்கிருந்து ஏறிப் போய்த்தான் அவர் கோடைக்கானல் மேட்டைப் பார்த்தார். பிற்காலத்தில் வெள்ளைக்காரர்களின் பயண மூட்டைகள் ஏறியதும் இந்தச் சரிவில்தான். மேலே சாலை வந்ததும் உலகம் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டது; வெள்ளகெவி மட்டும் சாலை கேட்டு மனுக் கொடுத்துக்கொண்டே பல பத்தாண்டுகளைக் கழித்தது. அரிசியும் சிமென்ட்டும் குதிரை முதுகில் ஏறின. காப்பியும் ஏலக்காயும் பட்டர்ஃப்ரூட்டும் குதிரை முதுகில் இறங்கின. பிரசவ வலி வந்தவர்களையும் பாம்பு கடித்தவர்களையும் டோலி கட்டித் தூக்கிக்கொண்டு ஓடிய கதை இங்கே எல்லா வீட்டிலும் உண்டு. வெளியூர்க்காரர்கள் ரசித்து நடக்கும் வழி உள்ளூர்க்காரர்களுக்கு எப்படிப்பட்டது என்பதை நடப்பவர்கள் அறிந்திருப்பது நல்லது.

வீடுகளை விடக் கோயில்கள் நெருக்கமாகத் தெரியும் ஊர் இது. ஊரே கோயில் என்பது இங்குள்ளோர் நம்பிக்கை. அதனால் எல்லைக்குள் யாரும் செருப்பு அணிவதில்லை. விருந்தாளிகளும் ஊர் எல்லையில் காலணியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். யாரும் அதட்டிச் சொல்லமாட்டார்கள். சொல்லாமலே செய்வதுதான் மரியாதை.

வட்டக்கானலிலிருந்து வெள்ளகெவிக்கு இறங்க மூன்று மணி நேரம் பிடிக்கும். ஏறித் திரும்ப அதைவிடக் கணிசமாக அதிகம். இன்னும் கீழே இறங்கிக் கும்பக்கரைப் பக்கம் அடிவாரத்தைத் தொடுவதானால் ஒரு முழு நாள் வேண்டும். வட்டக்கானலில் குளிருக்குப் போட்ட ஸ்வெட்டர் வெள்ளகெவியில் இடுப்புக்கு வந்துவிடும். அடிவாரத்தில் வியர்வையில் சட்டையே பாரமாகும். 1,500 மீட்டருக்கு மேற்பட்ட இறக்கத்தில் சோலைக்காடு, காப்பித் தோட்டம், இலையுதிர் காடு, முட்புதர், மாந்தோப்பு என்று தாவரங்கள் அடுக்கடுக்காக மாறுவதை ஒரே நாளில் பார்க்கலாம். மலைக்காட்டின் இயல்பைப் பாடமாக நடத்த விரும்பும் ஆசிரியருக்கு இதைவிட நல்ல வகுப்பறை கிடையாது. முழங்கால் வலி உள்ளவர்கள் முழு இறக்கத்தைத் தவிர்க்க வேண்டும். தொடர்ந்து இறங்குவது ஏறுவதைவிட மூட்டுக்குக் கொடுமை. கிளைப் பாதைகள் பல பிரிவதால் உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் இறங்கக் கூடாது.

பத்து மைல் சுற்று

மேற்கே போகும் தடங்களில் பழமையானது பத்து மைல் சுற்று. ஏரிக்கரையில் தொடங்கி மேற்கு மேட்டை ஒரு வட்டமடித்துத் திரும்பும் பதினாறு கிலோமீட்டர் வழி. இந்த மலையில் பள்ளிப் பிள்ளைகளும் விடுமுறைக்கு வந்தவர்களும் தலைமுறை தலைமுறையாக நடந்தது. இன்று இதன் பெரும்பகுதி தார்ச்சாலை. ஆகவே நடக்கத் தகுந்த நேரம் விடியற்காலை மட்டுமே.

ஏற்றத்தின் தொடக்கத்தில் சூரிய ஆய்வகம் வருகிறது. 1870-களின் பஞ்சத்துக்குப் பிறகு பருவமழைக்கும் சூரியனுக்கும் உள்ள தொடர்பை ஆராய வேண்டும் என்ற எண்ணம் வலுத்து, 1899-இல் இங்கே வேலை தொடங்கியது. 1909-இல் ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளிகளிலிருந்து வாயு வெளிநோக்கி நகர்வதை இங்கிருந்துதான் கண்டுபிடித்தார். எவர்ஷெட் விளைவு என்பது அதன் பெயர். நூறாண்டுக்கு மேலாகச் சூரியனை நாள்தோறும் படம் பிடித்துச் சேர்த்த தொகுப்பு இந்த ஆய்வகத்தின் பெருஞ்செல்வம்.

அதைத் தாண்டி மோயர் பாயிண்ட், பைன் காடு, குணா குகை, தூண் பாறை. தூண் பாறை என்பது 122 மீட்டர் உயரத்துக்குத் தோளோடு தோள் நிற்கும் மூன்று கருங்கல் தூண்கள். அவற்றின் இடுக்கில் உள்ள ஆழமான பிளவுகளைப் பிசாசின் சமையலறை என்றார்கள் வெள்ளையர்கள். 1991-இல் வந்த 'குணா' படத்துக்குப் பிறகு அது குணா குகையாகிவிட்டது. 2006-இல் கேரளத்திலிருந்து வந்த நண்பர் குழுவில் ஒருவர் உள்ளே விழுந்து, நண்பராலேயே மீட்கப்பட்டதை வைத்து 2024-இல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' வெளிவந்ததும் கூட்டம் பன்மடங்கானது. பிளவுகளின் அருகே போகாதபடி வேலி போட்டிருக்கிறார்கள். இங்கே பார்க்கத் தகுந்தது குகையல்ல. போகும் வழியில் தரைக்கு மேலே புடைத்து, பாம்புகள் பின்னியது போல் கிடக்கும் மர வேர்கள்.

பைன் காட்டைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லோரும் நின்று படமெடுக்கும் அந்தக் காடு இந்த மலைக்குச் சொந்தமானதல்ல. பிரையன்ட் என்ற வனத்துறை அதிகாரி 1900-களின் தொடக்கத்தில் நட்டது. ஊரிலுள்ள பிரையன்ட் பூங்காவுக்குப் பெயர் கொடுத்தவரும் அவர்தான். மேல் பழனியின் இயற்கை வேறு: மேட்டில் புல்வெளி, மடிப்புகளில் சோலை. சோலை மரங்கள் குட்டையாக, பாசி போர்த்தி, நெருக்கமாக நிற்கும். மழைநீரைப் பிடித்துவைத்து ஆண்டு முழுவதும் ஓடைகளுக்குக் கொடுக்கும். தோல் பதனிடச் சீகை மரமும், எரிபொருளுக்கும் காகிதத்துக்கும் யூகலிப்டஸும் பைனும் நடப்பட்டு இருபதாம் நூற்றாண்டில் புல்வெளிகளில் பெரும்பகுதி காணாமல் போயிற்று. பைன் காட்டுக்குள் பத்து நிமிடம் நின்று கேட்டால் பறவைச் சத்தம் அரிது. அடுத்த மடிப்பிலுள்ள சோலையோரம் நின்றால் நிலைமை தலைகீழ். பழனிச் சிரிப்பான் என்ற பறவை கூட்டமாகக் கத்திக்கொண்டிருக்கும். அமெரிக்க மிஷனரி ஃபேர்பேங்க் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த மலையில் பறவைகளைச் சேகரித்தவர். அந்தச் சிரிப்பானின் அறிவியல் பெயரில் அவர் பெயர் இருக்கிறது. வெள்ளை வயிற்றுச் சோலைக்கிளி, கருமந்தி, மலை அணில் ஆகியவற்றையும் அமைதியாக நடப்பவர் பார்க்கலாம். குளிர்காலம் முடியும் நேரத்தில் காட்டுப் பூவரசு சிவப்பாகப் பூத்துச் சரிவுகளை மாற்றிவிடும்.

சுற்று ஊருக்குத் திரும்பும் வழியில் 1895-இல் தொடங்கிய கோல்ஃப் மைதானமும், வைகை அணையைக் காட்டும் பசுமைப் பள்ளத்தாக்கும் வருகின்றன. மைதானத்தில் காட்டெருமைகள் மேய்வதைச் சாதாரணமாகப் பார்க்கலாம். ஊருக்குள் பஜார்வரை வரும் விலங்குதான் என்றாலும் அது வளர்ப்பு மாடல்ல. ஒரு காளை ஆயிரம் கிலோ எடையை எட்டக்கூடியது. ஐம்பதடி தள்ளி நின்று வழிவிட வேண்டும். கன்றோடு நிற்கும் பசுவையும் தனித்து நிற்கும் காளையையும் சுற்றிக்கொண்டு போவதே புத்தி.

ஊருக்கு மிக அருகில் சோலையைப் பார்க்க விரும்புபவர் கரடிச் சோலைக்குப் போகலாம். பேருந்து நிலையத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர்கூட இல்லை. அருவி மழைக்காலத்துக்குப் பிறகுதான் ஓடும். கோடைக்காலத்தில் வெறும் பாறை.

மேற்கு மேட்டுநிலம்

பேரிஜம் ஏரி ஊரிலிருந்து இருபது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். பெரியகுளத்துக்குக் குடிநீர் தரும் ஏரி என்பதாலும் காட்டின் நடுவே இருப்பதாலும் வனத்துறை அனுமதிச் சீட்டு இல்லாமல் போக முடியாது. வழியில் மதிகெட்டான் சோலை. உள்ளே போனவர் திசை தெரியாமல் புத்தி மயங்கிவிடுவார் என்று ஊரில் சொல்வார்கள். எல்லாத் திசையும் ஒரேமாதிரித் தெரியும் அடர்காட்டில் மூடுபனியும் இறங்கினால் அப்படித்தான் ஆகும். பேரிஜத்துக்கு அப்பால் மூணாறு டாப் ஸ்டேஷன் பக்கம் போகும் பழைய சாலை ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஜப்பானியர் படையெடுத்தால் தப்பிச் செல்வதற்கென்று சீர்படுத்தப்பட்டது. ஒருகாலத்தில் மலையேறுபவர்களின் கனவாக இருந்த கோடை–மூணாறு நடை இந்த வழியில்தான். இப்போது அது மூடிய காடு. 2013-இல் 608 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட பரப்பு கோடைக்கானல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டதிலிருந்து சட்டமும் இறுகிவிட்டது. பழைய பயணக் குறிப்புகளை நம்பி அந்தப் பக்கம் புறப்படக் கூடாது.

அனுமதிச் சிக்கல் குறைவாக, கிராமத்து வழிகளில் நடக்க விரும்புபவர்களுக்குப் பூம்பாறை ஏற்ற இடம். சாலையிலிருந்து பார்த்தால் படிப்படியாக இறங்கும் வயல்களின் நடுவே ஊர் தெரியும். பீன்ஸ், கேரட், உருளைக்கிழங்கு, எல்லாவற்றுக்கும் மேலாகப் பூண்டு. இந்தப் பகுதியின் மலைப்பூண்டு 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. ஊர் நடுவே குழந்தை வேலப்பர் கோயில். மூலவரைப் போகர் நவபாஷாணத்தால் செய்தார் என்பது மரபு. வரப்புகளிலும் வண்டித் தடங்களிலும் அரை நாள் சுற்றலாம். வயலுக்குள் இறங்கும் முன் வேலை செய்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும், வழியும் சொல்லித் தேநீரும் கொடுப்பார்கள். இன்னும் தள்ளி மன்னவனூரில் மத்திய செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையத்தின் புல்வெளிகள். அதையும் தாண்டிக் கூக்கால் ஏரி. மரமில்லாத மேட்டுநிலம் எப்படி இருந்திருக்கும் என்பதைக் கற்பனை செய்ய மன்னவனூர் உதவும்.

கிழக்குப் பக்கத்தில் பெருமாள்மலைச் சிகரம் இருக்கிறது. அதே பெயருள்ள கிராமத்திலிருந்து மரத்தோப்புகள் வழியாக ஏறி, கடைசியில் புல்சரிவில் முடியும் கடினமான ஏற்றம். உச்சியிலிருந்து ஒருபுறம் கோடை நகரும் மறுபுறம் கீழ்மலைக் காப்பித் தோட்டங்களும் தெரியும். வனத்துறை அனுமதியும் வழிகாட்டியும் இதற்கும் வேண்டும். மலைச்சாலையோரத்தில் வெள்ளி அருவியிலிருந்து ஊர்வரை நடந்து ஏறலாம் என்று சிலர் நினைப்பதுண்டு. வளைவுக்கு வளைவு லாரியும் பேருந்தும் திரும்பும் அந்தச் சாலையில் நடப்பது இன்பமும் அல்ல, பத்திரமும் அல்ல.

கீழ்மலையில் பேத்துப்பாறை, பெரும்பாறை, தாண்டிக்குடிப் பக்கங்களில் பெருங்கற்காலக் கல்திட்டைகள் காணக் கிடைக்கின்றன. பலகைக் கற்களை நிறுத்தி மேலே ஒரு கல்லால் மூடிய ஈமச் சின்னங்கள் இவை. செண்பகனூர் சேசு சபைக் கல்லூரியைச் சேர்ந்த ஆங்லேட் பாதிரியார், நியூட்டன் என்பவரோடு சேர்ந்து இவற்றை ஆராய்ந்து எழுதிய நூலை 1928-இல் தொல்லியல் துறை வெளியிட்டது. காப்பிச் செடிகளுக்கும் ஆரஞ்சு மரங்களுக்கும் இடையே நடக்கும் இந்த வழிகள் உயரம் குறைந்தவை, வெயில் மிதமானவை, கூட்டமில்லாதவை. ஏனோ பயணிகள் கண்டுகொள்வதில்லை. நடையும் வரலாறும் சேர்ந்து வேண்டுமென்றால் கோடைக்கானல் வட்டாரத்தில் இதுவே சிறந்த பகுதி.

பருவமும் விதியும்

கோடைக்கு இரு பருவமழையும் உண்டு. கனத்த மழை அக்டோபர், நவம்பரில். டிசம்பர் பாதியிலிருந்து பிப்ரவரி தொடக்கம்வரை வானம் தெளிவாக இருக்கும், இரவில் சில நாள் உறைபனிகூட விழும். நடப்பதற்கு இதுவே நல்ல காலம். ஜூனிலிருந்து செப்டம்பர்வரை தூறலும் காற்றும் மூடுபனியும். காட்சி கிடைக்காது, ஆனால் சோலைகள் மிக அழகாக இருக்கும் காலம். அட்டைக் கடிக்குத் தயாராகப் போக வேண்டும். ஒரு துணி முடிப்பில் உப்பு கொண்டுபோனால் போதும். எந்த மாதமானாலும் காலையில் புறப்பட்டு மூன்று மணிக்குள் திரும்பிவிடுவது நல்லது. பனி இறங்கினால் பத்தடி தள்ளி உள்ள பாதை மறைந்துபோகும்.

பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை காட்டுத்தீப் பருவம். 2018 மார்ச் 11 அன்று போடி அருகே குரங்கணி மலையில் மலையேறச் சென்ற குழுக்கள் தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உலர்ந்த புல்லில் காற்று திரும்பும்போது தீ மனிதன் ஓடுவதைவிட வேகமாக மேலேறும். அந்தத் துயரத்துக்குப் பிறகே தமிழ்நாடு அரசு மலையேற்ற ஒழுங்குமுறை விதிகளை வகுத்தது. தடங்கள் எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரிக்கப்பட்டன; காட்டுத்தடத்தில் வழிகாட்டியும் முன் அனுமதியும் கட்டாயமாயின. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற இணையப் பதிவு முறை தொடங்கி, 14 மாவட்டங்களில் 40 தடங்கள் முதலில் திறக்கப்பட்டன. காட்டை அறிந்த பழங்குடியினரும் மலைக்கிராமத்து இளைஞர்களும் வழிகாட்டிகளாகப் பயிற்சி பெற்றிருக்கிறார்கள். தீப்பருவத்தில் இந்தத் தடங்கள் மூடப்படும். அப்போது யாராவது குறுக்குவழியில் கூட்டிப்போவதாகச் சொன்னால் மறுத்துவிட வேண்டும்.

பிடிமானமுள்ள காலணி, மழைச்சட்டை, டார்ச், ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், கொஞ்சம் கடலை மிட்டாய் இருந்தால் இங்குள்ள எந்த ஒருநாள் நடைக்கும் போதும். தண்ணீரை எவர்சில்வர் குடுவையில் கொண்டுபோவது நல்லது. ஐந்து லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் பாட்டில்களுக்குக் கோடைக்கானலில் தடை இருக்கிறது, கொண்டுவந்தால் பாட்டிலுக்குக் கட்டணம் வாங்குகிறார்கள்.

சொந்த வண்டியில் வருபவர்கள் 2024 மே 7 முதல் நடைமுறையிலுள்ள இ-பாஸ் எடுத்துக்கொண்டு புறப்பட வேண்டும். உயர் நீதிமன்ற உத்தரவின்படி வந்த ஏற்பாடு அது. இ-பாஸ் ஊருக்குள் நுழைவதற்கான சீட்டு மட்டுமே. காட்டுத்தடத்தில் கால் வைக்க வனத்துறை அனுமதி தனியாக வேண்டும்.